அழுகையும் கோபமும் வரும் நேரத்தில் கிரேயான்: குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டுதலைப் பழக்கும் முறை, படிப்படியாக

வீறிட்டு அழும் குழந்தையின் முன்னால் ஒரு வண்ணப் புத்தகத்தையும் கிரேயான் பெட்டியையும் வைத்துவிட்டு, அது தானாக அடங்கிவிடும் என்று காத்திருக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெட்டி சுவரில் மோதுகிறது, தாள் கிழிகிறது, "இதெல்லாம் எங்க பிள்ளைக்குச் சரிப்படாது" என்ற முடிவும் அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது. அங்கே தவறியது செய்யும் வரிசை.

எங்கள் ஊரில் ஒரு மாலை வகுப்பில் 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளோடு இதைத் தொடர்ந்து செய்துவருகிறேன். உணர்ச்சி பொங்கும் நேரத்தில் முதலில் உடல் தணிய வேண்டும், அடுத்துக் கைக்கு ஒரு வேலை வேண்டும், வாய்ப் பேச்சு கடைசியில்தான் வர வேண்டும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டேன். கீழே உள்ள படிகளில் முதல் நான்கும் குழந்தை அமைதியாக இருக்கும் நாட்களுக்கானவை. ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை உள்ளவை கோபமோ அழுகையோ வந்த நாளுக்கானவை. முதல் நான்கைத் தாண்டிக் குதித்து ஐந்தாவதிலிருந்து தொடங்குபவர்களே பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள்.

1. பொருட்களை முன்கூட்டியே ஒரே பெட்டியில் சேர்த்து வைத்தல்

ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும். அதில் 12 நிற மெழுகுக் கிரேயான், ஒரு சிறிய ஆயில் பேஸ்டல் பெட்டி, சீவி வைத்த கலர் பென்சில்கள், ஏ4 தாள்கள் இருபது, பழைய செய்தித்தாள் இரண்டு ஆகியவை இருக்கட்டும். இவற்றோடு கிளிப் வைத்த பரீட்சை அட்டை ஒன்றும் வேண்டும். அழுத்தித் தீட்டும்போது தாள் நழுவினாலோ, மின்விசிறிக் காற்றில் பறந்தாலோ, ஏற்கெனவே கலங்கியிருக்கும் குழந்தைக்கு அதுவே இரண்டாவது ஏமாற்றமாகிவிடும்.

கிரேயானையும் ஆயில் பேஸ்டலையும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு நிறம் அடர்த்தியாக விழும். கோபத்தின் அழுத்தமும் அது தணிவதும் குழந்தையின் கண்ணுக்கே தாளில் தெரியும். ஸ்கெட்ச் பேனாவில் இது நடக்காது. எப்படி அழுத்தினாலும் ஒரே கோடுதான் வரும், முனை உள்ளே போய்விடும், மூடி தொலையும், மையும் மெல்லிய தாளின் மறுபக்கம் ஊறிவிடும்.

போஸ்டர் கலரையும் வாட்டர் கலரையும் அமைதியான நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். கோபத்தில் இருக்கும் கை தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டால், பெரியவர் வாயிலிருந்து தன்னையறியாமல் ஒரு திட்டு வரும். அதோடு அன்றைய முயற்சி முடிந்தது. பென்சில் சீவும் ஷார்ப்னரைப் பெட்டியில் போடாதீர்கள், அதில் பிளேடு இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் உடைந்த துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும், விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பெரிய குழந்தைகளுக்கு உடைந்த கிரேயான்களை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். புதுக் கிரேயானைக் கோபத்தில் உடைத்துவிட்டால் அம்மா திட்டுவாளோ என்ற பயம் குழந்தையின் கையைக் கட்டிப்போடுகிறது. துண்டுக் கிரேயானை எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம்.

2. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் ஒரு சுவரோரம், தரையில் ஒரு பாய் போதும். வீட்டுப்பாடம் எழுதும் மேசை வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு அது திட்டு வாங்கிய இடம். தொலைக்காட்சி கண்ணில் படாத மூலையாகவும், விருந்தினர் வந்தால் நேராக எதிரே நிற்காத மூலையாகவும் இருந்தால் நல்லது.

எந்த இடமானாலும் அதை மாற்றாதீர்கள். அந்தப் பாயில் போய் உட்காருவதே சில வாரங்களில் பாதி வேலையைச் செய்யத் தொடங்கும்.

3. அமைதியான நாட்களில் இரண்டு வாரம் பழக்குதல்

புதியவர்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு வெள்ளம் வந்த அன்று நீச்சல் சொல்லித்தர முடியாது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது புதிய எதையும் கற்றுக்கொள்ள மூளை இடம் தராது. ஏற்கெனவே கைக்குப் பழகியது மட்டுமே அந்த நேரத்தில் நினைவுக்கு வரும். யோசித்து அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆறு வயதுக் குழந்தையிடம் "கொஞ்சம் யோசி" என்று அந்த நேரத்தில் கேட்பது, இன்னும் கட்டி முடிக்காத படிக்கட்டில் ஏறச் சொல்வதற்குச் சமம்.

ஆகவே இரண்டு வாரங்களுக்கு, பள்ளி விட்டு வந்து சிற்றுண்டி முடிந்த பிறகு, தினமும் பத்து நிமிடம் அந்தப் பாயில் உட்கார்ந்து தீட்டுங்கள். பசியோடு இருக்கும் குழந்தையிடம் இதைத் தொடங்கக் கூடாது.

பெரியவரும் கூடவே உட்கார்ந்து தமக்கென ஒரு தாளில் தீட்ட வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழந்தையின் தாளையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். பக்கத்தில் தானும் தீட்டுகிறவர், "இன்னிக்கு பஸ்ல முழுக்க நின்னுகிட்டே வந்தேன், எரிச்சலா இருக்கு, அதான் இந்தக் கலரை எடுத்தேன்" என்று ஒரு வரி சொன்னால், உணர்வுக்குப் பெயர் வைப்பதும் அதைத் தாளில் இறக்குவதும் எப்படி என்று குழந்தை கேட்காமலே கற்றுக்கொள்கிறது.

இந்த நாட்களில் "கோட்டுக்கு வெளியே போகாதே" என்று சொல்லாதீர்கள். "சூப்பர், எவ்ளோ அழகா இருக்கு" என்றும் சொல்லாமலிருப்பது நல்லது. அழகு என்று ஒரு முறை பாராட்டிவிட்டால், கோபம் வந்த நாளிலும் குழந்தை அழகாகத் தீட்டவே முயலும், வராதபோது இன்னும் எரிச்சலடையும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "இந்த ஓரத்துல நல்லா அழுத்தி தீட்டியிருக்க."

4. உணர்வுகளுக்குக் குழந்தையே நிறம் குறித்தல்

இரண்டாம் வாரத்தில் ஒரு தாளில் நான்கு வட்டங்கள் வரையுங்கள். கோபம், பயம், சோகம், சந்தோஷம் ஆகிய நான்கையும் குழந்தைக்குப் பழக்கமான சொல்லில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதுவே ஒரு நிறம் தேர்ந்தெடுக்கட்டும். கோபம் என்றால் சிவப்பு என்று நாம் முன்கூட்டியே முடிவுசெய்துவிடக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமிக்கு கோபம் மஞ்சள், ஏனென்றால் அவளுடைய பள்ளிப் பேருந்து மஞ்சள், அதில்தான் தினமும் சண்டை. நிறம் அவளுடையதாக இருந்தால்தான் அது அவளுக்குப் பயன்படும்.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் எட்டாகச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நான்கு பழகிய பிறகு சேர்க்க வேண்டிய ஐந்தாவது, என் அனுபவத்தில், அந்த இளிவரல்தான்; பிறர் முன்னால் தாழ்ந்துபோன உணர்வு. குழந்தைகள் அதை "எல்லார் முன்னாடியும் அசிங்கமா போச்சு" என்று சொல்வார்கள். வீட்டுக்கு வந்து தட்டை எறியும் கோபங்களில் பலவற்றுக்கு அடியில் இதுதான் இருக்கிறது, அதற்கு ஒரு நிறம் இல்லாவிட்டால் அது கோபத்தின் நிறத்திலேயே மறைந்துவிடும்.

ஒரு நிறத்துக்கு மேல் குறிக்க விரும்பினால் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் நிறத்தை மாற்றினாலும் விட்டுவிடுங்கள். இந்தத் தாளைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்தால், பிறகு வாயால் சொல்ல முடியாத நேரத்தில் குழந்தை விரலால் தொட்டுக் காட்டும்.

5. பொங்கிய நேரத்தில் முதலில் உடலைத் தணித்தல்

இப்போது உண்மையான நாள் வந்துவிட்டது. குழந்தை அடிக்கிறது, பொருளை எறிகிறது, அல்லது மூச்சு வாங்கி அழுகிறது. இந்த நிமிடத்தில் தாளையும் கிரேயானையும் நீட்டாதீர்கள். கையில் கொடுக்கும் எதுவும் இப்போது எறியப்படும் பொருள்தான்.

அருகில் உட்காருங்கள், குரலைத் தாழ்த்துங்கள். "நான் இங்கதான் இருக்கேன். அடிக்க விடமாட்டேன்." இரண்டு வாக்கியம் போதும், விளக்கம், அறிவுரை, "ஏன் இப்படிப் பண்ற" என்ற கேள்வி எதுவும் வேண்டாம். முகத்தைக் கழுவிவிடலாம், ஒரு மடக்குத் தண்ணீர் தரலாம், இரண்டு கைகளாலும் சுவரைத் தள்ளச் சொல்லலாம். பெரிய தசைகளுக்கு வேலை கிடைத்தால் உடலின் முறுக்கு இறங்கத் தொடங்கும்.

தயாராகிவிட்டதற்கு மூன்று அடையாளங்களைப் பார்ப்பேன். தோள்கள் கீழே இறங்கும்; அலறல் விசும்பலாக மாறும்; கண் நம் பக்கமோ பாயின் பக்கமோ ஒரு முறை திரும்பும். அதற்கு ஐந்து நிமிடமும் ஆகலாம், இருபது நிமிடமும் ஆகலாம். அவசரப்பட்டு முன்னதாகத் தொடங்கிய நாட்களில் எனக்கு எப்போதும் முதலிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

கண் திரும்பியதும் பாய்க்குப் போய், செய்தித்தாளை விரித்து, துண்டுக் கிரேயானை மட்டும் கொடுங்கள். "எவ்வளவு அழுத்தி வேணும்னாலும் கிறுக்கு." செய்தித்தாளைத் தருவதற்குக் காரணம், அது கிழிந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இதை நீட்டிக்காதீர்கள். கிறுக்கிக்கொண்டே போனால் கோபம் கரைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை, ஒரு கட்டத்துக்குப் பிறகு கிறுக்கலே கோபத்தை மறுபடி ஊதிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு உத்தி உதவும். கிரேயானை அழுத்தித் தேய்த்தால் தாளில் மெழுகுத் துகள் உதிரும். "அந்தத் தூளை மெதுவா ஊதி விடு, கைய வெச்சு தேய்க்காதே" என்று சொல்லுங்கள். குழந்தை நீளமாக மூச்சை வெளியே விடும். மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணியும். "மூச்சை இழுத்து விடு" என்று நேரடியாகச் சொன்னால் முரண்டு பிடிக்கும் குழந்தைகூட தூளை ஊதத் தயங்காது.

6. வெற்றுத் தாளைத் தவிர்த்து, கோலப் பக்கத்தைக் கொடுத்தல்

கிறுக்கல் முடிந்ததும் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, முன்கூட்டியே வரைந்து வைத்த பக்கத்தைக் கிளிப்பில் மாட்டிக் கொடுங்கள். இங்கே வெற்றுத் தாளைக் கொடுத்து "உன் கோபத்தை வரை" என்று சொல்வது மிகப் பரவலான பிழை.

அமெரிக்காவில் நான்சி கரியும் டிம் காஸரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 84 கல்லூரி மாணவர்களைப் பதற்றப்படவைத்துப் பிறகு தீட்டச் சொன்னார்கள். வட்டத்துக்குள் சமச்சீராக அமைந்த மண்டல (mandala) வடிவத்தையோ கட்டம் போட்ட வடிவத்தையோ தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெற்றுத் தாளில் விருப்பப்படி தீட்டியவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. அவர்கள் பெரியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. குழந்தைகளிடம் ஜெனிஃபர் டிரேக்கும் எலன் வின்னரும் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. 6 முதல் 12 வயதுள்ள குழந்தைகளை ஏமாற்றமளித்த ஒரு நிகழ்ச்சியை நினைக்கச் சொன்ன பிறகு, சிலரை அந்த நிகழ்ச்சியையே வரையவும், சிலரை ஒரு வீட்டை வரையவும், சிலரை வேறொரு படத்தைப் பார்த்து நகலெடுக்கவும் செய்தார்கள். வீட்டை வரைந்தவர்களின் மனநிலையே மற்ற இரு குழுவினரைவிட அதிகமாகத் தேறியது.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று, அந்த நேரத்தில் மனத்தை நடந்த சம்பவத்திலிருந்து சற்று விலக்கிவைக்கும் வேலையே தேவை. மற்றொன்று, வெறும் நகலெடுப்பு போதாது, குழந்தை தானே தேர்ந்தெடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். எனவே பக்கத்தில் கோடுகள் நம்முடையவையாக இருக்கட்டும், நிறங்கள் முழுக்க அதனுடையவையாக இருக்கட்டும். "இது மாதிரி தீட்டு" என்று வண்ணமிட்ட மாதிரிப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இதற்குப் புள்ளிக் கோலத்தைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. சிக்குக் கோலத்தில் கோடு சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மூடிய சிறு அறை உண்டாகும். ஓர் அறையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம், நடுவில் நிறுத்தினாலும் பாதியில் விட்டதாகத் தோன்றாது. அதில் நல்லவர் கெட்டவர் கிடையாது, அம்மா முகமோ பள்ளிக்கூடமோ கிடையாது; நடந்ததை நினைவூட்ட எதுவுமில்லை. வாசலில் தினமும் பார்த்த வடிவம் என்பதால் குழந்தைக்கு அது அந்நியமாகவும் இருக்காது.

கோலத்தின் அளவை வயதுக்கேற்ப மாற்ற வேண்டும். நான்கு ஐந்து வயதுக்கு மூன்று புள்ளி மூன்று வரிசை, பக்கம் முழுக்க நிறைந்து, ஒவ்வோர் அறையும் குழந்தையின் உள்ளங்கை பாதி அளவில். ஆறு முதல் எட்டு வயதுக்கு 5 புள்ளி 3 வரை இடைப்புள்ளி, அதாவது நடு வரிசையில் ஐந்து புள்ளி, இருபுறமும் இடைவெளிகளில் வைத்து மூன்று வரை குறைந்துபோவது. ஒன்பதுக்கு மேல் 7 புள்ளி 4 வரை போகலாம். கடைகளில் கிடைக்கும், மயிரிழை போன்ற நுண்ணிய கட்டங்கள் நிறைந்த பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகங்களை அச்சிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கலங்கிய குழந்தைக்கு அவை மேலும் ஒரு பரீட்சை. அறைகள் கைக்கு எட்டாத அளவு சிறுத்திருந்தால் கோலமும் எரிச்சலூட்டும்.

அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அப்பத்தாவோ அம்மாச்சியோ வீட்டில் இருந்தால் அவரிடம் கேட்டு, கறுப்பு மார்க்கரில் பத்துப் பக்கம் வரைந்து நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் பிரிண்டர் வேலை செய்யாது என்பதை நான் பட்டு அறிந்திருக்கிறேன்.

தீட்டும்போது பேச வேண்டாம். கூடவே உங்கள் தாளைத் தீட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கை வேகம் குறைவதையும், அழுத்தம் தளர்வதையும், குழந்தை நிறத்தை நிதானமாகத் தேடி எடுப்பதையும் காணலாம். அந்த நிதானத் தேடல்தான் அடுத்த படிக்குப் போகலாம் என்பதற்கான அறிகுறி.

7. குடத்தை நிரப்பச் செய்தல்

ஒரு தாளில் பெரிதாக ஒரு குடம் வரைந்து வைத்திருங்கள். "இப்ப உள்ள எவ்வளவு இருக்கு? நிரப்பிக் காட்டு" என்று மட்டும் கேளுங்கள். எந்த நிறம், எந்த உயரம் என்பது குழந்தையின் முடிவு.

"1 முதல் 10 வரை எவ்வளவு கோபம்?" என்று கேட்கும் முறையும் உண்டு. ஏழு வயதுக்குக் கீழ் எண்ணை உணர்வோடு பொருத்திப் பார்ப்பது பல குழந்தைகளுக்கு எட்டுவதில்லை, அதோடு எண் என்றாலே மதிப்பெண் நினைவு. குடம் நிரம்பி வழிவதையும் பாதியாக இருப்பதையும் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக் குழந்தை எதற்கும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும்.

இந்தப் படியில்தான் எனக்கு மறக்க முடியாத ஒன்று நடந்தது. ஏழு வயதுப் பையன் ஒருவன், அண்ணனை அடித்துவிட்டு வந்தவன், குடத்தின் கழுத்து வரை ஊதா நிறத்தைத் தீட்டி, வாய்ப்பகுதியில் மட்டும் மெல்லிதாகச் சிவப்பை வைத்தான். சிவப்பு அவனுடைய கோபத்தின் நிறம் என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு கலர் இருக்கே?" என்றேன்.

"மேல இருக்கிறது கம்மிதான் மிஸ். அடியில இருக்கிறதுதான் பெருசு."

ஊதா அவன் "அசிங்கமா போச்சு" என்பதற்குக் குறித்த நிறம். சைக்கிளிலிருந்து விழுந்தபோது அண்ணனின் நண்பர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவனிடம் "ஏன் அண்ணனை அடிச்ச" என்று அரை மணி நேரம் கேட்டிருந்தாலும் இந்தப் பதில் வந்திருக்காது.

8. கடைசியாகப் பேசுதல்

குடம் நிரம்பிய பிறகு பேசலாம், அதுவும் தாளைப் பற்றிப் பேசலாம். இருவர் கண்களும் தாளின் மேல் இருக்கும்போது குழந்தைக்குப் பேசுவது எளிது. முகத்துக்கு நேராகப் பார்த்துக் கேட்டால் விசாரணை போலாகிவிடும்.

"இதைப் பத்திச் சொல்றியா?" என்பது நல்ல தொடக்கம். "இது என்ன?" என்று கேட்டால், பார்த்தும் தெரியவில்லையா என்ற ஏமாற்றம் குழந்தைக்கு வரும். "ஏன் கறுப்பு அடிச்ச?" என்பதில் "ஏன்" என்ற சொல்லே குற்றம் சாட்டுகிறது. "இந்தக் கறுப்பு இங்க நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனத்தைத் தாங்கப் பழகிக்கொள்ள வேண்டும். குழந்தை சொல்ல நினைத்ததை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அது தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடும்.

குழந்தை "ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் மூடியின் உட்புறத் தாளைக் காட்டி "இதுல எது பக்கத்துல வருது?" என்று கேட்கலாம். உணர்வைச் சொல்லில் பெயரிடுவதே அதன் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் பெயரைக் குழந்தை வைக்க வேண்டும்.

செய்த தவற்றைப் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும், முன்னால் அல்ல. "கோபம் வரலாம், அடிக்கக் கூடாது. அண்ணனுக்கு இப்ப என்ன செய்யலாம்?" வண்ணம் தீட்டிவிட்டதால் அடித்தது இல்லையென்று ஆகிவிடாது. தட்டை எறிந்த குழந்தை தணிந்த பிறகு தட்டை எடுத்து வைக்கட்டும்.

குழந்தை பேச விரும்பாத நாளும் உண்டு. "சரி" என்று சொல்லி அடுத்த படிக்குப் போய்விடுங்கள். கை செய்த வேலை வீணாகவில்லை.

9. தாளை என்ன செய்வதென்று குழந்தையே முடிவுசெய்தல்

கிழிக்கலாம், மடித்து டப்பாவில் போடலாம், மாட்டச் சொல்லலாம். கிறுக்கிய செய்தித்தாளைக் கசக்கிக் குப்பையில் எறிவதில் குழந்தைகளுக்குப் பெரிய நிறைவு இருக்கிறது. முடிவு குழந்தையுடையதாக இருப்பது ஏன் முக்கியம் என்றால், அடுத்த முறை அது உண்மையானதைத் தீட்டுமா இல்லையா என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

ஒரு பள்ளியில், அழுதுகொண்டே ஒரு சிறுமி தீட்டிய படத்தை நல்லெண்ணத்தோடு அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள். மறுநாள் வகுப்பே அதைப் பார்த்து "நீ ஏன் அழுத" என்று கேட்டது. அதற்குப் பிறகு அவள் பல மாதங்களுக்குப் பூவும் வீடும் தவிர வேறெதையும் தீட்டவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடுவதும் இதே தவறுதான்.

டப்பாவில் சேரும் தாள்களின் பின்பக்கம் தேதியை மட்டும் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துத் தாள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, குடம் எந்தக் கிழமைகளில் வழிகிறது என்பது சில சமயம் தானாகத் தெரியவரும். ஒரு தாயார் இப்படிப் பார்த்துத்தான், மகனுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் நீச்சல் வகுப்புப் பயம் இருந்ததைக் கண்டுகொண்டார்.

10. மேலே சொல்லாமல் விட்ட பிழைகள்

நிறத்தை வைத்துக் குறி சொல்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. கறுப்பு என்றால் மனச்சோர்வு, சிவப்பு என்றால் வன்முறை என்று காணொளிகளில் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று வீடு முழுவதையும் கறுப்பாகத் தீட்டியபோது அவளுடைய பாட்டி பதறிவிட்டார், நல்ல நாளில் கறுப்பு ஆகாது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. கேட்டபோது குழந்தை சொன்ன பதில்: "கரண்ட் போயிருச்சு பாட்டி." கூர்மையாக இருந்தது கறுப்பு மட்டும்தான் என்பதற்காகவே அதை எடுக்கும் குழந்தைகளும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத நிறக்குறைபாடு ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுவது. பச்சைச் சூரியனுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"போய் கலர் அடிச்சிட்டு வா" என்று தண்டனைபோல அனுப்புவது, அல்லது "அழாம இருந்தா புதுக் கலர் பெட்டி" என்று பேரம் பேசுவது, இரண்டுமே பாயைக் கெடுத்துவிடும். முதலாவதில் பாய் மூலையில் நிற்கவைக்கும் இடமாகிறது, இரண்டாவதில் அழுகையை மறைப்பதற்குக் கூலி கிடைக்கிறது.

கைபேசியில் விரலால் தொட்டு நிரப்பும் வண்ணச் செயலிகள் இதற்குப் பதிலாகா. ஒரு தொடலில் முழு அறையும் நிரம்பிவிடும். அழுத்தம், உரசல், மெல்லத் தளரும் கை எதுவும் அங்கே இல்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே பாயில் வேண்டாம். ஒப்பீடு உடனே தொடங்கிவிடும்.

11. சில குழந்தைகளுக்குச் செய்ய வேண்டிய மாற்றங்கள்

பத்து வயதைத் தாண்டியவர்கள் இதைச் சின்னப் பிள்ளை வேலை என்று ஒதுக்கக்கூடும். அவர்களுக்குக் கோலத்தைத் தாங்களே புள்ளி வைத்து வரையக் கொடுங்கள். புள்ளியை எண்ணுவதும் கோட்டைப் பிசகாமல் கொண்டுவருவதும் மனத்தைப் பிடித்து நிறுத்தும். குடத்தைத் தனியாக நிரப்பி மடித்துத் தரச் சொல்லலாம்.

கையில் பிசுபிசுப்போ மெழுகு வாசனையோ பிடிக்காத குழந்தைகள் உண்டு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு இது அதிகம். அவர்களுக்குக் கலர் பென்சில் கொடுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால், கட்டாயப்படுத்தாமல் களிமண், மணலில் விரலால் கோடு இழுப்பது என வேறு வழிகளுக்குப் போங்கள். தீட்டுவதையே வெறுக்கும் குழந்தையிடம் இந்த முறையைத் திணிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

12. இது போதாத இடங்கள்

மேலே சொன்னவை வீட்டிலும் வகுப்பிலும் அன்றாடக் கோபதாபங்களைக் கையாளப் பழக்குவதற்கானவை. சிகிச்சைக்கு மாற்றாக மாட்டா. உறக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால், பள்ளிக்குப் போகவே அஞ்சினால், ஏற்கெனவே நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பினால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், சாவைப் பற்றிப் பேசினால் குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கத் தாமதிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இந்தியா முழுவதற்கும் உரியது, எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

படத்திலோ பேச்சிலோ யாரோ தொட்டதாக, அடித்ததாக, மிரட்டியதாகக் குழந்தை சொன்னால், தாளை ஆராயத் தொடங்காதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், "வேற என்ன பண்ணாங்க" என்று சொற்களை எடுத்துக் கொடுக்காதீர்கள். "சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதிவைத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அன்றே அழையுங்கள். இலங்கையில் அதற்குரிய எண் 1929. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அதில் எதையும் எழுதவோ திருத்தவோ வேண்டாம்.